அம்மா தலைப் பஞ்சு

ஜூலை 18

என் பட்டமளிப்புப் படத்தில் அம்மாவின் தலையெல்லாம் பஞ்சு. அன்று சூலூரில் தறியை நிறுத்திவிட்டு நேராக வந்திருந்தாள். யாருக்கும் தெரியாமல் அதை அழித்துவிடலாம் என்று இன்று ஆல்பம் கடைக் கணினியில் படத்தைத் திறந்தேன். உடன் வேலை செய்யும் பர்வீன் அக்கா பார்த்துவிட்டார்.

"அதைய அழிச்சுப்போடாத கண்ணு. கொஞ்சம் தள்ளு."

அந்தப் பஞ்சையே வெட்டியெடுத்து, இழுத்த இடமெல்லாம் அதே உருவம் பதியும் ஒரு டிஜிட்டல் பிரஷ் ஆக்கினார். மவுஸை ஓர் இழுப்பு இழுத்தார். என் கறுப்பு அங்கியின் மீதும் பக்கம் முழுவதும் வெள்ளை வெள்ளையாய்ப் பறந்தது. அந்தக் கைத்திறன் எனக்கு எப்போது வருமோ!

வீட்டுக்கு எடுத்துவந்த பிரிண்டை அம்மா உற்றுப் பார்த்தாள். "ஏங்கண்ணு, உன்ற மேலயும் பஞ்சு ஒட்டிக்கிச்சா?"

படத்திலிருந்த என் தோளைத் தட்டிவிட்டாள்.

"இருக்கட்டும் அம்மா" என்றேன்.