ஓடுபாதைக்கு அப்பால்

லா லீனியா, டிசம்பர் 1982

அன்புத் தம்பிக்கு,

நம் அரசாங்கம் பூட்டிவைத்திருந்த ஜிப்ரால்டர் எல்லைக் கதவைத் திறந்துவிட்டார்கள். பதின்மூன்று வருடங்களுக்குப் பிறகு நேற்று நானும் நடந்து போனேன். கதவைத் தாண்டியதும் சாலை விமான ஓடுபாதைக்குக் குறுக்கே போகிறது. ஒரு விமானம் இறங்கும்வரை எல்லோரும் காத்து நின்றோம். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. பலர் அழுதார்கள், எனக்கு அழுகை வரவில்லை.

அங்கே கல்யாணமாகிப் போன நம் மிலாக்ரோஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியாடி?" என்று கத்தினாள். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பக்கத்துலதானே நிக்கிறேன், ஏன்க்கா கத்துறே?"

"வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு உங்கிட்ட கத்திக் கத்தியே பழகிடுச்சுடி!" அதையும் கத்தித்தான் சொன்னாள்.

அம்மா அவள் வீட்டில் இறந்த செய்தியும் எனக்கு அப்படித்தான் வந்தது.

வீட்டுக்குக் கூட்டிப்போய் அக்கா காபி கொடுத்தாள். அம்மாவின் கட்டிலில் இப்போது அக்காவின் மகள் படுக்கிறாளாம். கோப்பையைக் கழுவிக்கொண்டே அக்கா முதல்முறையாக மெல்லக் கேட்டாள்: "அம்மா கல்லறைக்குப் போலாமா?"

எனக்கு நன்றாகவே கேட்டது. "மலைக்குப் போய்க் குரங்கு பார்க்கலாம்க்கா" என்றேன்.

போய்ப் பார்த்தோம். ஒரு குரங்கு அக்காவின் பையைப் பிடுங்கியது. சுற்றிலும் எல்லோரும் சிரித்தார்கள். இருட்டுவதற்குள் திரும்பிவிட்டேன்.

நீ ஜெர்மனியிலிருந்து எப்போது வருவாய்? வந்தால் கல்லறைக்குப் போகலாம்.

உன் சின்னக்கா