நித்யாவின் மதிய ஊசி

நவ. 4, திங்கள்

தூறல். கொடித் துணி காயவில்லை.

நித்யாவுக்கு நான் ஜாங்கிரி கொடுக்கவில்லை. கொடுத்ததாகத் தெருவில் பேச்சு. கீழ்வீட்டுக் குடித்தனக்காரர்களின் பெண், மூன்றாம் வகுப்பு, சர்க்கரை நோய். அப்பா செல்வம் கடலூர் துறைமுகத்து ஐஸ் பேக்டரியில், அம்மா கவிதா ஜவுளிக்கடையில். மதியம் பிள்ளை சாப்பிட வரும்போது இன்சுலின் போடுவது நான். என் வீட்டுக்காரருக்கு அவர் கண் மூடும்வரை போட்ட கை. எனக்கு இனிப்பின் விஷயம் தெரியாதா?

இன்று சர்க்கரை 346. போன வாரம் இப்படி இல்லை. யாரோ எதையோ கொடுக்கிறார்கள்.

நவ. 5, செவ்வாய்

புழுக்கம். பால் மறுபடி தாமதம்.

358.

"ஸ்கூல்ல என்ன தின்ன?"

"ஒண்ணுமில்ல ஆயா."

ஆயா என்று கூப்பிடாதே என்று எத்தனை தரம். பையைப் பார்த்தேன். காலித் தண்ணீர் பாட்டில் இரண்டு, உடைந்த ஸ்கேல். மிட்டாய்த் தாள் இல்லை.

சந்தேகம்: செல்வம் (பரோட்டாப் பொட்டலம்). கவிதா (காலை அவசரத்தில் ஊசியை விட்டுவிடுகிறாளோ). பள்ளி வாசலில் இலந்தை வடை விற்பவள்.

மாலை படிக்கட்டில் கவிதா குரல். நான் மேலே நிற்பது தெரியாது.

"வயசானவங்க, எரக்கப்பட்டு ஏதாச்சும் குடுத்துர்றாங்கபோல. கேட்டா கோவம் வேற வரும்."

"வரட்டுமே. வாடகைய ஏத்துவாங்க, அவ்ளோதான்." செல்வம். இருவரும் சிரிப்பு.

எனக்கு இரக்கமாம்.

நவ. 6, புதன்

கவிதா லீவு. "நானே போட்டுக்கறேம்மா, நீங்க ரெஸ்ட் எடுங்க." மரியாதையாகத்தான் சொன்னாள். ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள் என்றுதான் எழுதுவேன்.

நாள் முழுக்க நித்யா கொல்லைக்கு ஓடும் சத்தம். என் கையால் ஒன்றும் போகவில்லை. மாலை கவிதாவே மேலே வந்தாள்.

"நானூத்திப் பத்தும்மா."

இப்போது யாரைச் சொல்வாள்? கேட்கவில்லை. அவள் முகம் கேட்கும்படி இல்லை.

நவ. 7, வியாழன்

பலத்த மழை. செல்வம் வேலைக்குப் போகவில்லை. அழைக்காமலே கீழே இறங்கினேன். நித்யா சுருண்டு படுத்திருந்தாள். உதடு காய்ந்து. யார் போட்டாலும் ஏறுகிறதென்றால் மருந்தைத்தான் பார்க்க வேண்டும்.

செல்வத்தைக் கேட்டேன். இந்த மருந்து எப்போது பிரித்தது? ஞாயிறு. சனிக்கிழமை சிதம்பரம் ஆஸ்பத்திரியில் வாங்கியது. எப்படிக் கொண்டுவந்தாய்?

செல்வத்துக்கு ஒரே பெருமை. "போன தடவ பஸ்ஸு நின்னுபோயி சூடாயிடிச்சும்மா. அதான் இந்தத் தடவ பேக்டரிலேருந்து ஐஸ் பொடி அள்ளிம்போயி, கல்லுப்பு தூவி, உள்ள பொதச்சு எடுத்தாந்தேன். வஞ்சரம்கூட அப்டி வராது. வூட்ல வந்து பாத்தா மருந்து கல்லு மாதிரி இருந்துச்சு."

பெட்டியிலிருந்த தாளை வாங்கிப் படித்தேன். கடைசி வரிவரை படிப்பது கான்வென்டில் சிஸ்டர்கள் பழக்கியது. எறும்பு எழுத்தில் ஆங்கிலம்: உறைந்த மருந்தை உபயோகிக்கக் கூடாது. சீசாவை வெளிச்சத்தில் பிடித்தேன். தெளிவாகத்தான் இருந்தது. அதுதான் மோசம், கெட்டது கண்ணுக்குத் தெரியாது.

சிதம்பரத்து நர்ஸுக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் குரல்: "ஒறஞ்சுபோச்சா? அதத் தொடாதீங்க. கொழந்தய ஒடனே கூட்டியாங்க."

வாடகைக் காரில் கவிதாவையும் கூட்டிக்கொண்டு மூவரும் போனார்கள். செல்வம் என் முகத்தைப் பார்க்கவில்லை. மருந்து கெடக்கூடாது என்றுதானே அவனும் செய்தான். பாவம் என்று இங்கே மட்டும் எழுதுகிறேன்.

நவ. 8, வெள்ளி

மழை. போன் இல்லை. நானாகப் பேசவில்லை. ஜெபமாலை. மதியம் வழக்கம்போல் கை கழுவிக்கொண்டேன், பிறகுதான் நினைவு வந்தது.

நவ. 9, சனி

வெயில். திரும்பிவிட்டார்கள். புது மருந்து, 162. நித்யா ஓடிவந்தாள். கையில் சுண்டல் கிண்ணம்.

"அம்மா குடுக்கச் சொன்னாங்க ஆயா."

"வேற என்ன சொன்னாங்க?"

"கிண்ணத்த வாங்கியாரச் சொன்னாங்க."

சுண்டல் வருத்தம் தெரிவிப்பதா, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்ததா, தெரியவில்லை. உப்பு குறைவு.

கெட்ட மருந்து, பிரித்த சீசா, பிரிக்காத சீசா இரண்டும் என் அலமாரியில், பூட்டி. வீணாகிறதே என்று யாராவது எடுத்துப் பிள்ளைக்கு ஊசி போட்டுவிடுவார்கள். யாரையும் நம்புவதற்கில்லை.

வெறும் கிண்ணம் திருப்பி எனக்குப் பழக்கமில்லை. கழுவித் துடைத்து, உள்ளே ஒரு சீட்டு வைத்து அனுப்பினேன். நகல்:

"கவிதாவுக்கு. திங்கள் மதிய ஊசியை நான் போட வேண்டுமா, வேண்டாமா? நித்யாவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். எழுதிக் கொடுக்கவும்."