போட்டோவுக்கு மட்டும் கையுறை

7.7, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடையை மறந்துவிட்டு நீலசந்திராவிலிருந்து வண்டி ஷெட் வரை நனைந்துகொண்டே நடை.

கா. 6.45 போட்டோ. ஆறு பேரும் ஆஜர். மஞ்சள் ஜாக்கெட், பூட்ஸ், பச்சைத் தடிக் கையுறை. கல்யாண வீட்டில் மருதாணி காட்டுகிற மாதிரி கையை நீட்டச் சொல்லி எடுத்தேன். வாட்ஸப் குழுவில் போட்டேன். நாங்கள் குப்பை எடுக்கும் ஆபீஸ், ஓட்டல்காரர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். பிறகு கையுறைகளைத் திரும்ப வாங்கி அட்டைப்பெட்டியில் அடுக்கி டிரைவர் சீட்டுக்கு அடியில். அழுக்கானால் நாளைய போட்டோவுக்கு எதைப் போடுவது? மேனேஜர் கிரீஷ் செய்த ஏற்பாடு. பெட்டியை நீட்டுவது சூபர்வைசர் புவனா, அதாவது நான்.

கா. 9.10. தொம்மலூர், தோல் டாக்டர் கிளினிக். கறுப்புப் பையை லோகா தூக்கினாள். உள்ளே கிடந்த ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. தனி டப்பாவில் போட வேண்டிய ஊசி, டீ கப்போடு கிடந்திருக்கிறது. அவளே பிடுங்கி எறிந்தாள். இரண்டு சொட்டு ரத்தம்.

மேனேஜருக்கு போன். "ஏனூ ஆகல்ல பிடம்மா. டெட்டால் போட்டுக் கழுவிட்டு ரவுண்ட முடிங்க." கன்னடத்தில், ஒன்றும் ஆகாதாம். ஆபீஸ் சுவரில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று ஒரு போர்டு. அதில் இருக்கும் எண்ணை அழிக்க அவருக்கு மனசு வராது.

லோகாவிடம் நானும் அதையே சொன்னேன், என் சொந்த யோசனை போல. "சின்னக் குத்துதான்டி, கழுவிக்கோ." "சரிக்கா" என்றாள். மீதி பதினோரு இடத்தையும் வெறுங்கையோடு முடித்தார்கள்.

வாங்க: துடைப்பம் 2, டெட்டால், ஜாக்கெட் ஜிப் 1. என் தைராய்டு மாத்திரை தீரப்போகிறது.

8.7, செவ்வாய்

நல்ல வெயில். ஈர பூட்ஸ் நாற்றம் வண்டி முழுக்க.

லோகா பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். கையுறை மாட்டும்போது முகம் சுளித்தாள். போட்டோவில் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். தெரியவில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஏழு வருஷம் மூட்டை தூக்கியவள் நான். கண்ணாடி கிழித்த தழும்பு இடது கையில் இன்னும் இருக்கிறது. லோகாவை இந்த வேலைக்குக் கூட்டிவந்ததும் நான்தான். எங்கள் தெருவில் மூன்றாவது வீடு. "நான் இருக்கேன், பாத்துக்கறேன்" என்று அவள் அம்மாவிடம் பெரிய மனுஷி மாதிரிச் சொன்னேன்.



9.7, புதன்

மதியம் என் மாத்திரைக்காக சுகாதார நிலையம். நீள வரிசை. பேச்சுவாக்கில் நர்ஸிடம் கேட்டேன்: குப்பையில் கிடந்த ஊசி குத்தினால் ஏதாவது ஆகுமா?

"எப்ப குத்துச்சு?"

"திங்கக்கெழம காலையில."

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "எச்ஐவி வராம தடுக்கிற மாத்திர இருக்கு. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும். நாளைக்குக் காலையில டைம் முடிஞ்சிடும். நீங்க இன்னும் ஏன் இங்க நிக்கிறீங்க?"

என் மாத்திரையை வாங்காமலே ஓடினேன்.

லோகா அடுகோடியில் தங்கை வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு ஊசி போட்டுக்கணும், வா" என்றேன். ஆட்டோவில் எதையோ பேசிக்கொண்டே வந்தேன். பெரியாஸ்பத்திரி வாசலில்தான் விஷயத்தைச் சொன்னேன். கையை விரித்துப் பார்த்தபடி நின்றாள்.

"திங்கக்கெழமையே உனக்குத் தெரியுமாக்கா?"

தெரியாது என்றேன். அது நிஜம். ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டியது என் வேலை. 'பாதுகாப்புப் பயிற்சி நடத்தப்பட்டது' என்று மாதாமாதம் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு நாள்கூட நடந்ததில்லை.

டாக்டர் சின்ன வயசுப் பெண். "கிளவுஸ் போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன் டாக்டர். வேர்க்குதுன்னு நானே கழட்டிட்டேன்."

என்னைப் பார்க்காமல் சொன்னாள் லோகா. பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. டாக்டர் அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார்.

முதல் மாத்திரை மா. 5.40. தினம் ஒன்று, இருபத்தெட்டு நாள். திங்கட்கிழமையே வந்திருந்தால் இன்னும் நல்லது என்றார் டாக்டர். ரத்தப் பரிசோதனை இன்று ஒன்று, பிறகும் உண்டு. மூன்று மாதத்துக்கு நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாதாம்.

10.7, வியாழன்

மேகமூட்டம். ஆபீஸில் கரண்ட் இல்லை.

லோகாவின் லீவுக்காக ஆஸ்பத்திரி சீட்டை நான் கொடுத்துவிட்டதால் விபத்து அறிக்கை எழுதியாக வேண்டும். மேனேஜர் இங்கிலீஷில் தயாராக வைத்திருந்தார். கம்பெனி கையுறை கொடுத்தது. லோகநாயகி தானே கழற்றினார். அவருடைய கவனக்குறைவு. முதல் எச்சரிக்கை, இன்னொன்று வந்தால் வேலை போகும். சான்று: திங்கள் கா. 6.45 போட்டோ. லோகாவின் கைகளைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்.

"உங்க போட்டோதாம்மா நம்மளக் காப்பாத்துச்சு."

கையெழுத்துப் போட்டேன். எனக்கும் இந்த வேலைதானே சோறு போடுகிறது என்று ஒரு சமாதானம். கை நடுங்கக்கூட இல்லை. நடுங்கியிருந்தால் என் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

11.7, வெள்ளி

எதுவும் எழுதத் தோன்றவில்லை. போட்டோ போட்டேன். ஐந்து பேர்.

12.7, சனி

அறிக்கையில் லோகா கையெழுத்தும் வேண்டுமாம். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. "நீங்க படிச்சுச் சொல்லிடுங்க" என்று மேனேஜர் என்னிடமே கொடுத்தார்.

லோகா வீட்டில் சுவரில் சாய்ந்து பொரி கொறித்துக்கொண்டிருந்தாள். மாத்திரை குமட்டுகிறதாம். மாற்றிச் சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். கடைசியில் இருந்ததை இருந்தபடியே சொன்னேன்.

"நானே கழட்டினேன்னு போட்டிருக்கா?"

"ம்."

"நான்தான டாக்டர்கிட்ட சொன்னேன். உன் பேரு வந்துடக்கூடாதேன்னு." கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "பேனா குடுக்கா."

என் பேனாவைக் கொடுத்தேன். லோகநாயகி என்று முழுசாக, நிதானமாக எழுதினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தாள் என் பையிலேயே இருக்கிறது. மேனேஜர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். மறந்து வைத்துவிட்டு வந்தேன் என்றேன்.

14.7, திங்கள்

மறுபடி தூறல். இன்று குடை இருக்கிறது.

லோகா வேலைக்கு வந்துவிட்டாள். இன்னும் இரண்டு நாள் போகட்டுமே என்றேன். "வீட்ல இருந்தா அதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்க்கா."

கா. 6.45. ஆறு பேர், பன்னிரண்டு கைகள். எடுத்தேன், போட்டேன். போனை இறக்குவதற்குள் லோகா முதல் ஆளாகக் கையுறையைக் கழற்றினாள். விரல்களை நீவி, ஜோடி சேர்த்து, குனிந்து பெட்டியில் வைத்தாள். பெட்டி தரையில் இருந்தது. நான் இன்னும் நீட்டவே இல்லை. அவள் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள்.

பெட்டியை ஒரு போட்டோ எடுத்தேன். அதையும் குழுவில் போட்டேன். கீழே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், தப்பும் தவறுமாக: போட்டோ முடிந்ததும் கையுறை தினமும் இதில்தான் இருக்கும். வாங்கி வைப்பது நான். போன திங்களும் லோகா கழற்றவில்லை, நான் வாங்கிவிட்டேன். அறிக்கையில் நான் கையெழுத்துப் போட்டது பொய்.

பிறகு பெட்டியைத் தூக்கி அவர்கள் முன்னால் நீட்டினேன். "எடுத்து மாட்டுங்க. இனிமே கழட்ட வேணாம்."

யாரும் எடுக்கவில்லை. லோகா என்னைப் பார்த்தாள். "அழுக்காயிடுமேக்கா. நாளைக்கு போட்டோவுக்கு?"

கா. 6.58. வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். குழுவில் ஒன்பது பேர் பார்த்துவிட்டார்கள். கட்டைவிரல் எதுவும் இல்லை. மேனேஜர் போன், மூன்றாவது தடவை. எடுக்க வேண்டும்.