ஸ்கார்வன் மலைக்கு ஒரு சின்ன நடை

ஆஸ்விக்,
ஜூன் மாதம், சூரியன் தூங்கப் போக மறுக்கிற நாள்களில் ஒன்று.

சிங்கப்பூரில் கப்பல் இயந்திரங்களுக்கு வைத்தியம் பார்க்கும் என் அண்ணன் மகள் தூருனுக்கு, ஆஸ்விக் துறையின் தலைசிறந்த படகோட்டியும் (இல்லை என்று வாதிட்டவர்கள் நீந்தித்தான் கரைக்கு வந்தார்கள்) உன் ஒரே சித்தப்பாவுமான ஐலீவ் எழுதிக்கொள்வது.

யாரும் நம்ப முடியாத ஒரு கதையை இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன் என்று என் படகின் மீதும், கூரைக்கடியில் காய்ந்துகொண்டிருக்கும் காட் மீன்களின் மீதும் ஆணையிட்டு உறுதி கூறுகிறேன். நீயும் நம்ப மாட்டாய். நம்பினால் நீ நம் குடும்பத்துப் பெண்ணே இல்லை. போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தாளில்தான் பொய் நிமிர்ந்து நிற்கும்.

முதலில் நீ கேட்டிருந்த விஷயம். கம்பெனியில் இன்னும் சில வருஷம் அங்கேயே இருக்கச் சொல்லிக் கையெழுத்துக் கேட்கிறார்கள்; போடுவதா, இல்லை இந்தக் கோடையோடு ஊருக்கு வந்துவிடுவதா என்று அப்பாவிடம் கேட்டாயாம். "வர்ற அளவுக்கு இங்க ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டாராம். அது நிஜமா என்று என்னிடம் கேட்கிறாய். ஊரிலேயே பெரிய புளுகனிடம் போய் உண்மையைக் கேட்கும் உன் துணிச்சலை மெச்சுகிறேன்.

நம் வீட்டுச் சங்கடம் உனக்குத் தெரியும். நான் விரல் நீள மீனைப் பிடித்தால், கதையில் அதற்குத் தேவாலயம் அளவுக்கு உடம்பு வந்துவிடும். உன் அப்பா தேவாலயம் அளவு மீனையே பிடித்து வந்தாலும் "சட்டிக்கு ஆகும்" என்பார். துறைமுகக் கூரை பறந்து கடலில் விழுந்த அந்தப் புயலில் தான் ஓட்டிய ஃபெரிப் படகைக் கரை சேர்த்துவிட்டு இறங்கி வந்தவர், "கொஞ்சம் காத்து" என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்ட மனுஷர். அப்பேர்ப்பட்டவரை, ஓய்வுபெற்ற பிறகு, சுற்றுலா வருகிறவர்களுக்கு வழி சொல்லும் துறைமுகக் கொட்டகையில் உட்கார வைத்திருக்கிறார்கள். தீயணைக்கும் வேலைக்கு மீனை வைத்ததைப் போலத்தான்.

இனி கதை. போன வாரம் ஹாலந்திலிருந்து ஒரு கப்பல் வந்தது. அதன் முன்பாதி திங்கட்கிழமை வந்தது. பின்பாதி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. அது திரும்புவதற்கு எதிர்க்கரை மலை சற்று ஒதுங்கி நின்றது. அதிலிருந்து பெண்கள் பாடகர் குழு ஒன்று இறங்கியது. நல்ல உயரம், நல்ல சிரிப்பு, எல்லோர் கையிலும் குடை, காலில் வெறும் செருப்பு. அவர்கள் ஊரில் தரை முழுக்கத் தட்டையாம். வாசல்படி ஏறுவதையே மலையேற்றம் என்று சொல்லிக்கொள்வார்களாம். அந்தக் குழுவின் தலைவி விலமைன் என்ற அம்மாள். நாற்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். என் படகையே இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடிய ஆகிருதி.

அவர் உன் அப்பாவிடம் போய், "இந்த ஊர்ல பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து வளையும், உலகமே வாய்பிளக்கும் ஃபியோர்ட் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி கிடக்கிறது. மலை முகட்டிலிருந்து நேராகக் கடலில் குதிக்கிறது அருவி. உன் அப்பா யோசித்துப் பார்த்துச் சொன்னாராம்: "பெருசா ஒண்ணும் இல்லைங்க. பின்னாடி ஒரு சின்ன நடை இருக்கு. சாப்பிட்டது செரிக்கப் போயிட்டு வரலாம்."

அந்தச் சின்ன நடை எது தெரியுமா? ஸ்கார்வன்! ஆடுகளே கயிறு கட்டி இறங்கும் ஸ்கார்வன்! மேகம் ஒன்று பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். உச்சியில் இந்த ஜூனிலும் பனி கிடக்கிறது.

நான் ஃபியோர்டின் நடுவில், ஒரு ஜெர்மன் தம்பதியிடம் நம் கடலடியில் குடியிருக்கும் பூதத்தின் சொத்துத் தகராறை விளக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், மலைச்சரிவில் வண்ண வண்ணக் குடைகள் வரிசையாக மேலே போகின்றன! தம்பதியைக் கரையில் இறக்கிவிட்டு (அல்லது கரைக்குப் பக்கத்தில்) கொட்டகைக்கு ஓடினேன்.

"அண்ணே! அந்தப் பொம்பளைங்கள எங்கே அனுப்பினே?"

"மேலதான். ஏன்டா குதிக்கிறே? சின்ன நடைதானே."

"செருப்போட போறாங்கண்ணே! சாயங்காலம் கப்பல் கிளம்பிடும்!"

அவர் குடைகளைப் பார்த்தார். "ம். கொஞ்சம் மெதுவாத்தான் போறாங்க" என்று சொல்லிவிட்டுக் கொட்டகையைப் பூட்டினார். பை எடுத்தார். ஆரஞ்சு, சாக்லேட், காப்பிக் குடுவை மூன்றும் உள்ளே போயின. யாரை மீட்கப் போனாலும் இவை இல்லாமல் நம்மவர்கள் மலையில் கால் வைப்பதில்லையே.

வழியில் என்னோடு வேலித் தகராறில் பேச்சை நிறுத்திவிட்ட ஆஸ்பியோர்க் எதிரே வந்தாள். ஊருக்குள் என்னைக் கண்டால் தபால்பெட்டியாகி நிற்பவள், மலையில் எதிர்ப்படுகிறவருக்கு வணக்கம் சொல்வது நம் ஊர்ச் சட்டம் என்பதால் வேறு வழியில்லாமல் வணக்கம் சொன்னாள். நானும் சொன்னேன். மலையில் பகைக்கு இடமில்லை, மூச்சு போதாது. "குடைக்காரங்க உச்சியைத் தொட்டுட்டாங்க, உங்க பாட்டியம்மா நடைக்கு அவங்க எவ்வளவோ மேல்" என்று வார்த்தையால் எனக்கு ஒரு குத்து விட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

பாதி வழியில் காப்பிக் கல் வந்தது. உனக்குத் தெரிந்த கல்தான்; மேசை மாதிரி தட்டையாக, ஃபியோர்டைப் பார்த்தபடி கிடப்பது. ஊரே உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கும் அந்தக் கல்லில் உன் அப்பா மட்டும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உன்னைக் குழந்தையாக முதுகில் கட்டிக்கொண்டு ஏறிய நாளிலும் நடந்துகொண்டேதான் உனக்குச் சாக்லேட் ஒடித்துக் கொடுத்தார். அன்றைக்கு அந்தக் கல்லருகே நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"என்னண்ணே?"

"ஷூ கயிறு. நீ போ."

கயிறு ஒழுங்காகக் கட்டித்தான் இருந்தது. நான் போனேன்.

உச்சியில் கண்ட காட்சியை எழுத என் மொழி போதாது, அதனால் சற்று பெரிதாக்கித்தான் எழுத வேண்டும். பெண்கள் எல்லோரும் பனியில் செருப்புக்காலோடு நின்றிருந்தார்கள். கீழே ஃபியோர்ட் ஏழு வளைவாக வளைந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர்களுடைய ராட்சசக் கப்பல் துறையில் சீப்பிலிருந்து உடைந்த பல் மாதிரி கிடந்தது. பார்த்துப் பார்த்துச் சலித்த என் கண்ணுக்கே அன்றைக்கு வேறு கண் முளைத்தது. பிறகு அவர்கள் பாடினார்கள். பனிப்பாறை ஒன்று மரியாதைக்கு நகர்ந்து வந்து கேட்டது. கழுகுகள் இரண்டு அழுதுவிட்டன. நான் அழவில்லை, காற்று.

பாட்டு முடிந்து விலமைன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதுதான் உங்க ஊர்ல சின்ன நடையா? அப்ப பெரிய நடைன்னா எங்கே, நிலாவுக்கா?"

கீழே இறங்கினோம். உன் அப்பா கல்லிலேயே இருந்தார். ஆரஞ்சு உரிக்காமல் கையில் இருந்தது. சாக்லேட்டில் பாதியை ஒடித்துத் தாளில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் கை நீட்டினேன். "உனக்கில்லடா" என்றார். உனக்கு ஒடித்துக் கொடுப்பாரே, அதே அளவுப் பாதி.

விலமைன் அவரைத் தாண்டிப் போனவர், திரும்பி வந்தார். நீலம் பாரித்திருந்த உதட்டைப் பார்த்தார். கேட்காமலே மணிக்கட்டைப் பிடித்தார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் மூச்சு வாங்குது."

"ஐயா," என்றார் அந்த அம்மாள், "உங்க ஊர்ல 'சின்ன'ன்னா எவ்வளவுன்னு இப்பத்தான் மேல போய்ப் பாத்துட்டு வரேன். 'கொஞ்ச'த்த எங்கிட்ட சொல்லாதீங்க."

உன் அப்பா கையிலிருந்த ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தார். பெண்கள் குடைகளைப் பின்னிப் பல்லக்கு செய்து, அவரை அதில் ஏற்றி, நான்கு குரலில் பாடிக்கொண்டே துறைமுகம்வரை தூக்கி வந்தார்கள். ஊரே வாசலுக்கு வந்து கைதட்டியது. கப்பல் அவர்களுக்காகக் காத்திருந்து, கிளம்பும்போது மூன்று முறை ஊதியது. "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றார் உன் அப்பா.

மறுநாள் நானே அவரைப் படகில் ஏற்றி டாக்டரிடம் கூட்டிப்போனேன். நடுக்கோடைத் தீ மூட்டும் விழா முடிந்ததும் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இதயத்தில் வேலை. "ஃபெரி பம்ப்புக்கு வாஷர் மாத்தற மாதிரி ஒரு சின்ன ரிப்பேர்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கொட்டகையிலும் உட்கார்கிறார். யாராவது ஸ்கார்வனைப் பற்றிக் கேட்டால் மட்டும் இப்போது, "நடை... சுமாரான நடை" என்று ஏற்றிச் சொல்கிறார். அவர் அகராதியில் இது பெரிய பொய்.

இதை எழுதும்போது எட்டிப் பார்த்துவிட்டு, "எழுதுறதுன்னா எல்லாம் பரவாயில்லன்னு எழுது. அவ வேலையைக் கெடுக்காதே" என்றார். எழுதிவிட்டேன்: எல்லாம் பரவாயில்லை.

நான் உன்னை வா என்று கூப்பிட மாட்டேன் மகளே. நான் கூப்பிட்டால், சித்தப்பா எதையும் பெரிதாக்குகிறவர்தானே என்பாய். அவர் கூப்பிட மாட்டார். உன் மாடி அறைக்கு வர்ணம் மட்டும் அடித்துவைத்திருக்கிறோம். சன்னல் இறுகிப் போயிருந்ததால்தான், வேறொன்றுமில்லை. நீ தொட்ட இயந்திரமெல்லாம் ஓடட்டும், நீ ஏறும் கப்பலெல்லாம் நேரத்துக்குக் கரை சேரட்டும். கையெழுத்துப் போடும் முன் ஒரு ராத்திரி பொறு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா ஐலீவ்.

இதில் எதை நம்புவது என்று யோசிக்கிறாய். கப்பலைக் கழித்துவிடு. கழுகுகளையும் குடைப் பல்லக்கையும் தாராளமாகக் கழித்துவிடு. வேண்டுமானால் ஹாலந்தையே கழித்துவிடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை: உன் அப்பா காப்பிக் கல்லில் உட்கார்ந்தார். சின்ன என்று நான் சொல்வது, நம் ஊர் அளவில்.