பட்டியலில் இல்லாத பெயர்

அண்ணா,

இன்று காலை பங்காருபேட்டையில் ரயில் நின்றபோது, இடுப்புப் பட்டை கட்டிய ஒருவர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அவர் மேல் வலித் தைல வாசனை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டவள் பெங்களூர் வரும்வரை அவரைப் பார்க்கவில்லை. நீ இருந்தபோது உன்னிடம் பேசாததை இப்போது எழுதுகிறேன்.

மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் மெஷினைத் தோளில் சுமந்தவன் நீ. சுரங்கத்தை மூடியபின் பெங்களூர் கோடவுனில் மூட்டை தூக்கினாய். ஐம்பது வயதில் செருப்பு மாட்டக் குனிய முடியாமல் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் நான் வேலைபார்க்கும் பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி தொடங்கியது. அதற்கு வரும் நோயாளிகளின் பெயரைப் பதிவதும் அவர்களுக்குப் போன் செய்வதும் என் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் உட்கார்ந்து பெருமையாக விளக்கினேன். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கிற டிஸ்க் தேய்ந்தால் தானாக வளராது. இடுப்பெலும்பின் மஜ்ஜையிலிருந்து செல் எடுத்து, லேபில் பெருக்கி, ஊசி வழியாக அதற்குள் செலுத்திப் பார்க்கிறார்கள் என்றேன். இன்னும் சோதனைதான், பலன் உறுதியில்லை என்பதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"என் எலும்புல எடுத்து எனக்கே போடுவாங்களா?" என்று சிரித்தாய். "அப்ப என்னையும் சேத்துடு பாப்பா."

உன் ஸ்கேனை ஆராய்ச்சி நடத்தும் டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "ஓரளவு தேஞ்ச டிஸ்குக்குத்தான் இது. இவருக்குக் கீழ ரெண்டும் முழுசா உட்கார்ந்துடுச்சு, நரம்பை வேற அழுத்துது. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்லுங்க."

அதைச் சொல்லத்தான் வந்தேன். வாசலிலேயே, "இன்னா பாப்பா, என் பேரு சேந்துச்சா?" என்றாய். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். உங்கள் முகத்தைப் பார்த்து மனம் வரவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. என்னால் ஆகும் என்று காட்டிக்கொண்டவளுக்கு, ஆகவில்லை என்று சொல்ல வெட்கம். அவ்வளவுதான்.

"லிஸ்ட்ல இருக்குது அண்ணா. கூப்பிடுவாங்க."

ஏழு மாதம் அதையே சொன்னேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்த உள்ளூர் டாக்டரிடம், "கத்தி வேணாம் சார், தங்கச்சி ஆஸ்பத்திரில ஊசி வருது" என்றாயாம். இடது பாதம் மரத்தது. பிறகு தூக்கி வைக்க முடியாமல் தரையில் இழுபட்டது. "ஆபரேஷனையும் யோசி அண்ணா" என்று முனகினேனே தவிர, உண்மையைச் சொல்லவில்லை.

ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாய். நான் மேல்மாடியில் இருந்தேன். என்னோடு வேலைபார்க்கும் பெண் கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, அப்படியொரு பெயரே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். நான் இறங்கி வந்தபோது, ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். திட்டவில்லை. உன்னோடு நானும் திரும்பிய ரயிலில், ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் சொன்னாய்.

"இல்லன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா ஆபரேசனுக்குப் போயிருப்பேன் பாப்பா."

நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த வாரமே ஆபரேஷன் நடந்தது. வலி குறைந்தது, பாதம் திரும்பவில்லை. தடி ஊன்றி நடந்தாய். போன கோடையில் நெஞ்சுவலி வந்து போய்விட்டாய்.

இப்போதெல்லாம் ஒருவரைச் சேர்க்க முடியாதென்றால் அன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுகிறேன். சிலர் அழுகிறார்கள், சிலர் ஏசுகிறார்கள். அவர்கள் முடிக்கும்வரை போனை வைப்பதில்லை.

ஆனால் என் பொய்யை நீ வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்பது உன் அடக்கத்தன்றுதான் தெரிந்தது. அண்ணி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வந்தவர்களிடமெல்லாம், "அவருக்காக இவ எவ்ளோ அலைஞ்சா தெரியுமா" என்றாள். நான் மறுக்கவில்லை. இன்றும் பாலகாட்டில் உன் வீட்டுக்குப் போனால் அதையே சொல்லி, பிள்ளைகளுக்கும் முன்னால் எனக்குச் சோறு போடுகிறாள்.

சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன், அண்ணா.