மில் வீட்டு அடிக்குறிப்பு

மார்ச் 4, 2014
ஊர் வரலாற்றுப் புத்தகத்துக்காக ஈனிட் பார்ஜிட்டரைப் பார்த்தேன். எழுபத்தெட்டு வயது. தேவாலயத்தை ஒட்டி, ஏழை முதியவர்கள் வாடகையில்லாமல் இருக்கக் கட்டிய ஆறு தரும வீடுகளில் மூன்றாவதில் தனியாக இருக்கிறாள். "எழுதிக்கோம்மா. நான் மில் வீட்டு மாடியில பொறந்தவ. அன்னைக்கு ஓடைத் தண்ணி அடுப்படி வரைக்கும் வந்துச்சாம். என்னைப் பாக்கத்தான் வந்துச்சுன்னு அப்பா சொல்வாரு." பிஸ்கட் நமத்திருந்தது.

மார்ச் 19
1887 வரைபடம். ஓடைதான் ஊர் எல்லை. மில் வீடு அக்கரையில். அப்படியானால் ஈனிட் பிறந்தது பக்கத்து ஊரில். தரும வீடுகளோ இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு மட்டும் என்கிறது அவற்றைக் கட்டியவரின் 1702-ஆம் வருட உயில். முந்நூறு வருடமாக யாரும் சரிபார்க்கவில்லை! அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். சின்ன சந்தோஷம்தான், மறைப்பானேன்.

ஏப்ரல் 8
தரும வீடுகளின் அறக்கட்டளைத் தலைவர் காட்ஃப்ரி டஃப்னெல், புத்தகத்தின் அச்சுப்படியோடு வந்தார். அவருடைய மாமியார் இரண்டு வருடமாக அங்கே ஒரு வீட்டுக்குக் காத்திருப்பது ஊருக்கே தெரியும். அடிக்குறிப்பு உறுதிதானா என்று மட்டும் கேட்டார். வரைபடம் அப்படித்தான் சொல்கிறது என்றேன்.

ஏப்ரல் 9
எடுத்துவிடலாமா? அந்தக் கிழவிக்காக நான் ஏன் பொய் சொல்லணும்? எழுதினது உண்மைதானே—

மே 2
ஈனிட் அந்த வீட்டில் இருக்கலாமா என்று ஊர் மண்டபத்தில் கூட்டம். ஈனிட் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு வந்திருந்தாள். கறிக்கடை நார்மன், "நாலடி இந்தப் பக்கமாப் பொறந்து தொலைச்சிருக்கலாம்ல, ஈனிட்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. கைகள் உயர்ந்தன. மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். வாசலில் என்னிடம், "உனக்கு பிஸ்கட் எல்லாம் குடுத்தேனேம்மா" என்றாள்.

ஜூன் 3
காட்ஃப்ரியின் மாமியார் குடிவந்தாயிற்று. ஈனிட்டின் பூந்தொட்டிகளையும் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 20
ஈனிட் நகரத்து முதியோர் இல்லத்தில் இறந்துபோனாள். அடக்கமும் அங்கேயே. இங்கிருந்து யாரும் போகவில்லை. எனக்கு ஜலதோஷம்.

ஜனவரி 14, 2015
மறுபதிப்புக்காக மாவட்ட ஆவணக் காப்பகம் போனேன். 1934-இல் ஓர் எல்லை ஆணை: மில் வீட்டையும் அதைச் சுற்றிய வயல்களையும் நம் ஊரோடு சேர்த்திருக்கிறார்கள். ஈனிட் பிறந்தது 1936.

மூன்று முறை படித்தேன்.

மாலையில் காட்ஃப்ரிக்குத் தொலைபேசியில் சொன்னேன், மறுபதிப்பில் அந்த அடிக்குறிப்பு வேண்டாம் என்று. ஏன் என்று கேட்டார்.

பக்கத்தில் இடம் போதவில்லை என்றேன்.