எஞ்சின் இயங்காததற்கான காரணங்கள்

அக்கா,

இன்று காலை, நாங்கள் இருக்கிற லாசாலில், பெற்றோல் அடிக்க நின்றேன். பக்கத்துப் பம்பில் ஒருவர் தன் படகின் சிவப்புத் தாங்கியைத் தரையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தார். முதலில் எண்ணெயை ஊற்றி, அதன்மேல் பெற்றோலை விட்டு, மூடியை இறுக்கி, இரண்டு கையாலும் தூக்கிக் குலுக்கினார். அந்த வாசம் காற்றோடு என்னிடம் வந்தது. கோடை முழுக்க உங்கள் கையில் இருந்த வாசம். எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது என்று சொல்வீர்களே, அதுதான். என் வாகனம் நிரம்பிப் பம்ப் தானாக நின்றதுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறேன். பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்தபோதுதான் கையை எடுத்தேன்.

நீங்கள் இல்லை என்பது எனக்கு இன்னும் செய்தியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ புதிதாக வந்து சொல்வதுபோல இருக்கிறது.

அன்று மாசி மாதக் குளிர். எனக்கு வேலை இல்லாத நாள். நாங்கள் இருவரும் வேலை செய்த துணி தோய்க்கும் தொழிற்சாலையிலிருந்து மேற்பார்வைப் பெண் அழைத்தாள். அவள் பிரெஞ்சு எப்போதும் வேகம், எனக்குப் பாதிதான் பிடிபடும். உங்கள் பெயரைச் சொன்னாள். பஸ் என்றாள். பிறகு 'தெசெதே' என்றாள். பஸ்ஸில் தினமும் காதில் விழுகிற சொல் 'தெசாந்து', இறங்குவது. எனக்கு அதுதான் கேட்டது. பனியில் எங்கோ தவறான தரிப்பில் இறங்கி நிற்கிறீர்கள், கூட்டிவரச் சொல்கிறாள் என்று விளங்கிக்கொண்டேன். ஒரு கையால் சப்பாத்தை இழுத்தபடி, எங்கே வந்து ஏற்றவேண்டும் என்று கேட்டேன். அவள் அதே சொல்லை மெதுவாகத் திரும்பச் சொன்னாள். மகள் வந்து தொலைபேசியை வாங்கிக் காதில் வைத்தாள். அவள் பிரெஞ்சில் படிக்கிற பிள்ளை, 'தெசெதே' என்றால் இறந்துபோனவர் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய முகம் மாறியதைப் பார்த்தேன். ஒரு சப்பாத்தோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

வேலைக்குப் போகிற வழியில், பஸ் இருக்கையில், இதயம் நின்றுவிட்டது என்றார்கள். கடைசித் தரிப்பு வரைக்கும் நீங்கள் நித்திரை என்றுதான் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள்.

ஊரில் சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் நீங்கள் மன்னாருக்குப் போய்வந்தீர்கள். மடு மாதா திருவிழாவுக்கு என்று கோயிலில் எல்லாரும் நினைத்தார்கள், நானும்தான். திரும்பி வந்த கோடையில் ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு கிழவரிடம் பழைய அலுமினியப் படகும் அதன் பின்னால் பூட்டுகிற எஞ்சினும் வாங்கினீர்கள். தனியாக இருக்கிற பெண்ணுக்கு எதற்குப் படகு என்று கோயில் வாசலில் கதை. மீன் பிடிக்க என்றீர்கள். உங்களிடம் இடமில்லாததால் படகு எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தது.

நீங்கள் மீன் பிடித்ததைவிட அந்த எஞ்சினோடு மினக்கெட்டதுதான் அதிகம். பெரிய குப்பை வாளியில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதன் விளிம்பில் பூட்டி இயக்குவீர்கள். நன்றாக ஓடுகிற எஞ்சினை வேண்டுமென்றே நிறுத்துவீர்கள். தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகாணியை இறுக்கிவிட்டு, அது எவ்வளவு நேரத்தில் இருமி நிற்கிறது என்று பார்ப்பீர்கள். இன்னொரு நாள் பிளக்கை நனைத்துப் பூட்டிவிட்டுக் கயிற்றை இழுப்பீர்கள். என் கணவர் யன்னலால் பார்த்துச் சிரிப்பார். ஏன் அக்கா நல்லா ஓடுறதை நிப்பாட்டுறியள் என்று ஒருநாள் கேட்டேன். அது எப்பிடி நிக்குதெண்டு பாக்கிறன் என்று மட்டும் சொன்னீர்கள்.

ஆற்றில் நடந்த அந்த நாளை நான் யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. லாஷின் பக்கம் படகை இறக்கி, மத்தியானம் வரை தூண்டில் போட்டோம். நல்ல வெயில். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கதைத்துக்கொண்டே இருந்ததில் நீரோட்டம் எங்களை இழுத்துவந்ததை இருவருமே கவனிக்கவில்லை. தலையைத் தூக்கினால் மெர்சியேப் பாலம் பெரிதாகத் தெரிந்தது. பாலத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று லாசாலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் நின்று பிள்ளைகளுக்குக் காட்டுகிற, பாறைகளில் அடித்து நுரைக்கிற வெள்ளைத் தண்ணீர்; சின்னப் படகு அதில் தப்பாது. அதன் இரைச்சல் மெல்லக் கேட்கத் தொடங்கியிருந்தது.

நீங்கள் கயிற்றை இழுத்தீர்கள். எஞ்சின் ஒரு சத்தம்கூடப் போடவில்லை. மறுபடி இழுத்தீர்கள். இல்லை.

நங்கூரத்தைப் போடச் சொன்னீர்கள். போட்டேன். அது அடியில் பாறையில் உரசி உரசி எங்களோடு வந்தது, எங்கும் பிடிக்கவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. மிதவை அங்கியின் பட்டியை இறுக்கப் போனால் விரல்கள் மடங்கவில்லை. மாதாவே மாதாவே என்று நான் முனகியது எனக்கே வேறு யாருடையதோ குரல்போலக் கேட்டது.

"தங்கச்சி, தண்ணியப் பாக்காத. என்ர கையைப் பார்" என்றீர்கள்.

பார்த்தேன். கயிற்றை நீங்கள் மேலும் இழுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயங்கரமாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் இழுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள். நிறுத்தும் பொத்தானில், கழன்றால் எஞ்சினை நிறுத்திவிடுகிற சிவப்பு வார் கொளுவியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தீர்கள். கியர் நடுவில் நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்தீர்கள். காற்றுத் திருகாணி திறந்திருந்தது. பிறகு பெற்றோல் குழாயின் நடுவில் உள்ள றப்பர் குமிழை அமுக்கினீர்கள். அது இறுகவேண்டும், இறுகவில்லை. எத்தனை தரம் அமுக்கியும் தொளதொளவென்றே இருந்தது. குழாயின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே எஞ்சின் வரை போனீர்கள். அங்கே குழாய் செருகுகிற பூட்டு தேய்ந்து, ஒரு நூல் அளவு வெளியே வந்திருந்தது. பெற்றோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. அழுத்திச் செருகி, அது கழலாமல் உங்கள் தலைத்துணியைக் கிழித்துச் சுற்றிக் கட்டினீர்கள். பாலத்தின் நிழல் படகின்மேல் விழுந்தது. மேலே லொறிகள் போகிற அதிர்வு கேட்டது. குமிழ் இறுகியது. கயிற்றை இழுத்தீர்கள், இருமியது. சோக்கைப் பாதி தள்ளி மறுபடி இழுத்தீர்கள். பிடித்தது.

கரைக்கு வந்து படகை வாகனத்தில் ஏற்றினீர்கள். நான்தான் அழுதேன். உங்களுக்குப் பயமே வரேல்லையோ என்று கேட்டேன். படகு இறக்கும் சாய்தளத்தின் ஓரத்தில், ஈரச் சீமெந்தில் உட்கார்ந்துதான் சொன்னீர்கள். நீங்கள் கலியாணம் கட்டாதவர் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

சண்டை மூண்ட தொண்ணூறில், விடிகிற நேரம், மன்னாரில் பேசாலையிலிருந்து இந்தியாவுக்குப் போன படகு. அளவுக்கு மீறி ஆட்கள். எஞ்சின் நின்று நின்று ஓடியிருக்கிறது. பாரத்தைக் குறைக்கவென்று பெண்களையும் பிள்ளைகளையும் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டார்கள். எஞ்சினைச் சரிப்பண்ணியதும் வந்து ஏற்றுவதாகச் சொன்னார்கள். கயிறு இழுக்க ஆள் வேண்டுமென்று உங்கள் கணவர் படகில் நின்றுவிட்டார். நீரோட்டம் படகைக் கொண்டுபோயிற்று. அவர் நிமிர்வதும் குனிவதுமாக இழுத்துக்கொண்டே இருந்தது திட்டில் நின்ற உங்களுக்குத் தெரிந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் வரவில்லை. படகு சிறிதாகிச் சிறிதாகி, பிறகு வெயிலின் மினுக்கத்தில் எது படகு என்று தெரியாமல் போயிற்று. உங்களை இராமேஸ்வரத்து மீனவர்கள் ஏற்றினார்கள். அந்தப் படகைக் கண்டதாக யாரும் சொல்லவில்லை. நீங்கள் பிறகு மன்னாருக்குப் போனதுகூடத் திருவிழாவுக்கு இல்லை, கரையோரம் முழுக்க விசாரிக்க.

"இந்தியாவில அகதிக் காம்பில கடலுக்குப் போறவை எல்லாரிட்டயும் கேட்டன், ஒரு எஞ்சின் ஏன் ஸ்ரார்ட் வராதெண்டு. ஒராள் காத்து எண்டார். ஒராள் பிளக் எண்டார். ஒராள் பெற்றோலில தண்ணி எண்டார். அண்டைக்கு அவருக்கு எது எண்டு எனக்குத் தெரியாது. அதால எல்லாத்தையும் பழகினன்."

அதைச் சொல்லும்போது உங்கள் குரலில் மாற்றமே இருக்கவில்லை. வெள்ளைத் தண்ணீரின் பயம் அந்த நேரமே என்னைவிட்டுப் போய்விட்டது. அதைவிடப் பெரிய ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் முற்றத்தில், அந்தக் குப்பை வாளிப் பக்கத்தில், ஒவ்வொரு கோடையும் நீங்கள் செய்துகொண்டிருந்தது என்ன என்று அப்போதுதான் விளங்கியது. அவர் பெயரை ஒரே ஒரு தரம் சொன்னீர்கள். அதன்பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை.

உங்கள் மரண அறிவித்தலைப் போடவேண்டியது நான்தான் என்றாயிற்று. இங்கே உங்களுக்கு வேறு ஆள் இல்லை. பத்திரிகைக்காரர் தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறந்த இடம், தாய் தகப்பன், சகோதரங்கள். பிறகு கணவர் பெயர் கேட்டார். சொன்னேன்.

"அவர் இருக்கிறாரோ, இல்லையோ? இல்லையெண்டால் முன்னால 'காலஞ்சென்ற' எண்டு போடவேணும்."

சாய்தளத்தில் சொன்னபோதும் அவர் செத்துவிட்டார் என்று நீங்கள் சொல்லவில்லை. காணேல்லை என்றுதான் சொன்னீர்கள். பத்திரிகைக்காரர் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சொல்லைப் போட வேண்டாம் என்றேன். அப்ப உயிரோட இருக்கிறாரோ என்று கேட்டார். பேர் மட்டும் போடுங்கோ என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்படியே அச்சாகி வந்தது. அவர் பெயருக்குப் பின்னால் 'அவர்களின் அன்பு மனைவியும்' என்று. வாசித்தவர்கள் பலர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவர் எங்கே இருக்கிறார், செத்தவீட்டுக்கு வருவாரா என்று கேட்டார்கள். இன்னும் தெரியாது என்று சொன்னேன். அக்கா, இந்த உலகத்தில் அவரை இப்போது எதிர்பார்த்துக்கொண்டிருப்பது நான் ஒருத்திதான்.